கணினிக்கும் தனி முகவரி வேண்டும்

பெங்களூருவில் வந்து குடியேறிய நம்மவர்களுக்கு முகவரியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. "ஐந்தாவது கிராஸ், மூன்றாவது மெயின்" என்று மட்டும் எழுதிக் கடிதம் அனுப்பினால் அது எங்கே போய்ச் சேரும்? இம்மாநகரில் எந்தக் குடியிருப்புக்குச் சென்றாலும் அங்கே ஓர் ஐந்தாவது கிராஸ் இருக்கிறது. அதனைச் சந்திக்கும் மூன்றாவது மெயினும் இருக்கிறது. லேஅவுட்டின் பெயரையும் சேர்த்து எழுதினால்தான் கடிதம் உரியவர் கைக்கு வரும். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பொம்மசந்திராவுக்கு வேலை தேடி வருகிற இளைஞர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது.

இரண்டு லேஅவுட்டுகளுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நேயர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். கதவு எண்ணும் ஒன்று, தெருவும் ஒன்று, லேஅவுட்டின் பெயரும் ஒன்று. தபால்காரர் என்ன செய்வார்? கணினிகளின் உலகில் இப்படி ஒரு நிலை நெடுங்காலமாகவே இருந்து வந்திருக்கிறது. அதனால் பெருந்தொல்லை எதுவும் நேராதிருந்ததால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அது திடீரென்று பல அலுவலகங்களின் கதவைத் தட்டியது. நம் தொழிற்பேட்டையின் சிறு தொழிற்கூடங்களில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பெற்ற பெற்றோர் சிலர் அதைப் பற்றி நம்மிடம் கேட்டனர். ஆகவே இத்திங்கள் நம் பகுதியில் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

விண்டோஸ் என்னும் இயக்க முறைமையை நிறுவும்போது, அது தனக்குத் தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்கிறது. பாதுகாப்பு அடையாள எண் என்று அதனைத் தமிழில் கூறலாம். தொழில் அறிந்தோர் எஸ்.ஐ.டி. என்பர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. முதற்கொண்டு இம்முறை இருந்து வருகிறது. எஸ்-1-5-21 என்று அது தொடங்கும். அதன் பின் மூன்று நெடிய எண்கள் வரும். ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு பிட் கொண்டது. மூன்றும் சேர்ந்தால் தொண்ணூற்றாறு பிட். எத்தனை வெவ்வேறு எண்கள் இதில் அமையலாம் என்று கணக்கிட்டால் இருபத்தொன்பது இலக்கங்கள் கொண்ட ஒரு தொகை வருகிறது. உலகிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் தனித்தனி எண் கொடுத்தாலும் தீராத செல்வம் அது. ஆகவே இரண்டு கணினிகள் தற்செயலாக ஒரே எண்ணைப் பெறுவது என்பது நடைமுறையில் இல்லை என்றே கொள்ளலாம்.

இந்த எண்தான் லேஅவுட்டின் பெயர். அந்தக் கணினியில் நாம் உண்டாக்கும் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் இதன் வாலில் மேலும் ஓர் எண் சேர்க்கப்படும். நிர்வாகிக் கணக்குக்கு எப்போதும் 500. மற்றவர்களுக்கு 1000இலிருந்தோ 1001இலிருந்தோ வரிசையாக வரும். அது கதவு எண். கணினி நம்மை நம் பெயரால் அறிவதில்லை. திரையில் "செல்வி" என்றோ "கணக்கர்" என்றோ தோன்றினாலும், உள்ளே எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் திறக்கலாகாது என்பதெல்லாம் இந்த முழு எண்ணைக் கொண்டே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

சரி, தற்செயலாக ஒன்றாக முடியாத எண் எவ்வாறு ஒன்றாயிற்று? மனிதன் தன் வேலையைச் சுருக்கிக்கொள்ள முற்பட்டதால்தான். பத்துக் கணினிகள் வாங்குகிறோம். ஒவ்வொன்றிலும் விண்டோஸை நிறுவி, கணக்கு மென்பொருளைச் சேர்த்து, தமிழ் எழுத்துருவை இட்டு, பிரிண்டரை இணைத்து முடிப்பதென்றால் ஒரு கணினிக்கு அரை நாள் போய்விடும். அதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் முழுமையாகச் செம்மை செய்து, அதன் ஹார்ட் டிஸ்கை அப்படியே படியெடுத்து மற்ற ஒன்பதிலும் பதித்துவிட்டால் ஒரே மாலையில் வேலை முடிந்தது. "இமேஜ் போடுதல்" என்று இதனைக் கூறுவர். குளோனிங் என்பதும் இதுவே. இதில் குற்றம் ஒன்றுமில்லை. பெரிய நிறுவனங்களும் பள்ளிகளும் உலகெங்கும் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் படியெடுக்கும்போது அந்த ஒன்றின் அடையாள எண்ணும் சேர்ந்து படியெடுக்கப்படுகிறது. பத்துக் கணினிகளும் ஒரே லேஅவுட்டாகிவிடுகின்றன.

இதைத் தவிர்க்க மைக்ரோசாப்ட் ஒரு வழி வைத்திருக்கிறது. சிஸ்பிரெப் என்பது அதன் பெயர். படியெடுக்கும் முன்னர் தாய்க் கணினியில் அதனை "ஜெனரலைஸ்" என்னும் ஏவலுடன் இயக்கினால், அக்கணினிக்கே உரிய அடையாளங்கள் துடைக்கப்பட்டுவிடும். பிறகு எடுக்கும் படி எந்தக் கணினியில் முதன்முதலாக உயிர் பெறுகிறதோ, அங்கே புதிய எண் ஒன்று பிறக்கும். இதற்குக் கூடுதலாகச் சிறிது நேரமும் சிறிது பொறுமையும் வேண்டும். அவ்வளவே. ஆனால் அவ்வளவையும் செய்யாமல் விட்டவர்களே மிகுதி.

அவர்கள் விட்டதற்கும் ஒரு நியாயம் உண்டு. 1990களில் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்னும் இரு வல்லுநர்கள் "நியூ எஸ்.ஐ.டி." என்றொரு சிறு கருவியைச் செய்து வெளியிட்டனர். படியெடுத்துப் பதித்த கணினியில் அதனை ஓட்டினால் எண் மாறிவிடும். பல்லாண்டுகள் உலகெங்கும் பணியாளர் பலர் அதனை நம்பிப் பயன்படுத்தினர். 2006இல் அவ்விருவரின் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கிக்கொண்டது. பின்னர் 2009 நவம்பரில் ருசினோவிச்சே ஒரு வியப்பான கட்டுரை எழுதினார். ஒரே எண் இருப்பதால் நேரும் தீங்கு எது என்று தேடிப் பார்த்ததாகவும், அப்படி எதுவும் அகப்படவில்லை என்றும், எண்ணை மாற்றியே ஆகவேண்டும் என்பது வெறும் கட்டுக்கதை என்றும் அவர் கூறினார். தம் கருவியையும் விலக்கிக்கொண்டார். தாம் செய்த பொருள் வேண்டாத பொருள் என்று ஊரறியச் சொல்வதற்கு ஒரு மனம் வேண்டும். அதை நாம் மெச்சுகிறோம்.

அவர் கூறிய காரணமும் சரியானதே. ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலைவழியே நாம் செல்லும்போது, அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான் கேட்கப்பட்டன. புறப்பட்ட கணினியின் எண்ணை எதிர்ப்பக்கம் அன்று கேட்கவில்லை. டொமைன் என்னும் ஏற்பாட்டில் பல கணினிகளை ஒரே ஆட்சியின்கீழ் வைத்திருக்கும் பெரிய அலுவலகங்களிலோ, ஆட்சிக் கணினியே ஒவ்வொன்றுக்கும் வேறு எண் கொடுத்துவிடுகிறது. ஆட்சிக் கணினியின் எண்ணும் உறுப்புக் கணினியின் எண்ணும் ஒன்றாகிவிட்டால் மட்டும் குழப்பம் வரும் என்று அவர் விலக்குக் கூறியிருந்தார். ஆயினும் சிஸ்பிரெப் செய்யாத படிகளை ஆதரிப்பதில்லை என்னும் கொள்கையை மைக்ரோசாப்ட் கைவிடவில்லை. மக்கள் கட்டுரையின் தலைப்பை நினைவில் வைத்துக்கொண்டனர். இந்தக் கடைசி வரியை மறந்தனர்.

பதினாறு ஆண்டுகள் இப்படியே சென்றன. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. சாலையிலிருந்து நம் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டு, நாமெல்லாம் ஓசூர்ச் சாலை நெரிசலிலிருந்து ஓரளவு விடுதலை பெற்ற மகிழ்ச்சியில் இருந்தோம். அதே மாதம் 29ஆம் தேதி விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு ஒரு திருத்தம் வந்தது. அடுத்து செப்டம்பர் 9 அன்று வழக்கமான மாதத் திருத்தம் எல்லாக் கணினிகளுக்கும் சென்றது. அவற்றுள் ஒரு புதிய காவல் அடங்கியிருந்தது. வலைவழியே நுழைய வருகிற கணினியின் அடையாள எண்ணும் சோதிக்கப்படும். வருகிறவனின் எண்ணும் வீட்டுக்காரனின் எண்ணும் ஒன்றாக இருந்தால் வாயில் திறக்காது. விண்டோஸ் 11இன் 25எச்2 பதிப்புக்கும் விண்டோஸ் சர்வர் 2025க்கும் இதுவே விதியாயிற்று.

இதை வேண்டாத கெடுபிடி என்று சிலர் ஏசினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தன் பெயரையே கூறிக்கொண்டு வருகிற அந்நியனைக் கண்டால் எந்த வீட்டுக்காரரும் ஐயுறவே செய்வார். நம் மனக்குறை வேறு. இந்த மாற்றத்தைப் பற்றிய தெளிவான விளக்கக் குறிப்பை அந்நிறுவனம் வெளியிட்டது அக்டோபர் பிற்பகுதியில்தான். ஏறத்தாழ ஆறு வாரங்கள், ஏன் என்றே அறியாமல் எத்தனையோ பேர் திகைத்து நின்றனர். காவலை மாற்றுகிறவர்கள் வீட்டிலிருப்போருக்கு முன்கூட்டியே ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அல்லவா?

அந்த ஆறு வாரங்களில் நம் அன்பர் ஒருவரின் மகனுக்கு நேர்ந்ததை இங்கே கூற வேண்டும். ஊரையும் பெயரையும் தொழிற்கூடத்தையும் குறிப்பிடாமல் விடுகிறோம். இளைஞனுக்கு வயது இருபத்துமூன்று; டிப்ளமா படித்தவன். நம் தொழிற்பேட்டையில் அச்சுக்கருவி செய்யும் ஒரு கூடத்தில் ஒப்பந்த அடிப்படையில் கணினிகளைக் கவனித்து வந்தான். மொத்தம் பதினான்கு கணினிகள். அவற்றுள் பதினொன்று, அவன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வேறொருவர் வாங்கி இமேஜ் போட்டு வைத்தவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவதாக அறிவிக்கப்பட்டிருந்ததால், கோடையிலேயே அவை எல்லாவற்றையும் விண்டோஸ் 11க்கு உயர்த்தியிருந்தான். இருந்த இடத்திலேயே உயர்த்தும்போது பழைய அடையாள எண் மாறுவதில்லை என்பதை நேயர்கள் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் காலை, கணக்குப் பிரிவு அம்மையார் தம் கணினியிலிருந்து சம்பளக் கோப்பைத் திறக்க முயன்றார். கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தார். மீண்டும் கேட்டது. சரியான சொல்லையே கொடுத்தும் தவறு என்றது.

"தம்பி, பாஸ்வேர்டை நீ மாற்றிவிட்டாயா?"

"இல்லை அக்கா, நான் தொடவே இல்லை."

"நீ தொடாமல் வேறு யார் தொடுவார்கள்?"

அதற்கு மறுமொழி ஏது? பிரிண்டரும் அன்றே நின்றது. தீபாவளி போனஸ் கணக்கு அந்தக் கோப்பில்தான் இருந்தது. தீபாவளியோ அக்டோபர் 20. மூன்று நாள் கழிந்ததும், ஒப்பந்தத்தை நீட்டிக்கப்போவதில்லை என்று மேலாளர் கூறிவிட்டார். சம்பளக் கோப்பின் பூட்டை வேண்டுமென்றே மாற்றினான் என்னும் பேச்சு மெல்லப் பரவியது. ஊரை விட்டு வந்து பிழைக்கிற ஒரு பிள்ளைக்கு இப்பேச்சு எத்தகையது என்று நம் இல்லங்களில் விளக்க வேண்டுமா? வேலை போனால் வேறு வேலை தேடலாம். கை சுத்தமில்லை என்னும் பெயர் அவனுக்கு முன்னால் அடுத்த வாயிலுக்குச் சென்று நிற்கும்.

அவன் வாதாடவில்லை. எந்தக் கணினியிலிருந்து எந்தக் கணினிக்குப் போக முடிகிறது, எதற்குப் போக முடியவில்லை என்று ஒரு தாளில் கட்டம் போட்டு நிரப்பினான். தனித்தனியே வாங்கிய மூன்று கணினிகளும் எதனுடனும் தடையின்றிப் பேசின. பதினொன்றும் தமக்குள் பேச மறுத்தன. ஆனால் அந்த மூன்றுடன் பேசின. கடவுச்சொல்லில் குற்றம் இருந்தால் இப்படி ஒரு பிரிவினை வராது. பதினொன்றுக்கும் பொதுவாக இருப்பது எது என்று தேடியவன் கடைசியில் அடையாள எண்ணுக்கு வந்து சேர்ந்தான். ஒவ்வொரு கணினியின் எண்ணையும் திரையில் பார்த்து எழுதினான். அச்சிட வழியில்லாததால் கையாலேயே எழுதினான். பதினான்கு வரிகள், அவற்றில் பதினொரு வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அந்தத் தாளை மேலாளர் மேசையில் வைத்தான். ஒரு கணினியை மட்டும் புதிதாக நிறுவ அனுமதி கேட்டான். நிறுவியதும் அது மற்ற பத்துடனும் பேசிற்று. மேலாளர் நேர்மையானவர், தாளைப் படித்துவிட்டு, எஞ்சியவற்றையும் முடிக்கச் சொன்னார். போனஸ் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கைக்கு வந்தது. ஒப்பந்தமும் நீடித்தது. மைக்ரோசாப்டின் குறிப்பு வெளியானபோது இவன் வேலையை முடித்திருந்தான்.

எண் ஒன்றானதால் மனிதர் ஐயத்துக்கு ஆளாவது கணினிக்கு மட்டும் உரியதன்று. 2025 மார்ச் மாதத்தில் வாக்காளர் அடையாள அட்டை பற்றி எழுந்த வழக்காடலை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த வாக்காளர் சிலருக்கு ஒரே அட்டை எண் இருப்பது வெளியாயிற்று. முன்பு மாநிலங்கள் தனித்தனியே கையால் எண் வரிசை வழங்கியபோது ஒரே எழுத்து வரிசையைச் சில மாநிலங்கள் பயன்படுத்திவிட்டன என்று தேர்தல் ஆணையம் விளக்கியது. எண் ஒன்றாயினும் ஆள் போலியல்லர். தம் தொகுதியில், தம் வாக்குச்சாவடியில்தான் வாக்களிக்க முடியும் என்றும் கூறி, தனி எண் வழங்க முடிவு செய்தது. இரண்டு மாநிலங்களுக்கிடையே வாழும் நம்போன்றோர்க்கு இது வெறும் செய்தியன்று. தமிழ்நாட்டில் ஒரு கால், கருநாடகத்தில் ஒரு கால் என்று நிற்கிறவனை நோக்கித்தான் இத்தகைய ஐயங்கள் முதலில் விரல் நீட்டுகின்றன.

இனி இல்லத்துக்கு வருவோம். வீட்டில் ஒரே கணினி இருந்தால் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தனித்தனியே வாங்கிய இரண்டு மடிக்கணினிகள் இருந்தாலும் கவலையில்லை. பழைய கணினிகளை மொத்தமாக வாங்கி டியூஷன் நடத்துகிறவர்கள், தையற்கூடமோ கணக்கு எழுதும் நிலையமோ வைத்திருப்பவர்கள், பழைய மடிக்கணினியின் டிஸ்கைப் புதியதில் படியெடுத்து இரண்டையும் பயன்படுத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது. சோதிக்கும் முறை எளிது. கணினியிலேயே உண்டாக்கிய கணக்கில் நுழைந்து, கட்டளைச் சாளரத்தைத் திறந்து, "நான் யார்" என்று பொருள்படும் ஹூஅமை என்னும் ஆங்கிலக் கட்டளையை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் யூஸர் என்னும் சொல்லும் சேர்க்க வேண்டும். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தோன்றும். கடைசிக் கோட்டுக்குப் பின் உள்ள சிறிய எண்ணை விட்டுவிடுங்கள். அது கதவு எண். அதற்கு முன்னுள்ள மூன்று பெரிய எண்களை மற்றக் கணினியிலும் பாருங்கள். அவை ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே படியிலிருந்து வந்தவை.

திருத்தத்தையே நீக்கிவிட்டால் கதவு திறக்கிறது என்று சிலர் சொல்லக் கேட்கலாம். திறக்கும்தான். ஆனால் பின்வரும் பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்து இழக்க நேரும். கணக்கு வழக்கு வைத்திருக்கும் கணினியில் அதைச் செய்யலாகாது. மைக்ரோசாப்டின் ஆதரவுப் பிரிவை அணுகினால் தற்காலிகமாக இக்காவலைத் தளர்த்தும் ஏற்பாடு ஒன்றைத் தருவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் மூச்சு விட்டுக்கொள்வதற்கான வழி அது. நிலையான மருந்து, அக்கணினியை முறைப்படி மீண்டும் நிறுவுவதே. எண்ணை மட்டும் மாற்றித் தருவதாகக் கூறும் பிறர் கருவிகளை மைக்ரோசாப்ட் ஆதரிப்பதில்லை. பழைய நியூ எஸ்.ஐ.டி.யும் இன்றைய விண்டோஸுக்கு உரியதன்று.

நாளும் பயன்படும் கணினியில் சிஸ்பிரெப்பை இயக்கிப் பார்க்கவும் வேண்டாம். அது படியெடுக்கப்போகிற புதுக் கணினிக்கென அமைந்தது. வழக்கத்தில் உள்ளதில் ஓட்டினால் அமைப்புகள் பல கலைந்துபோகக்கூடும். பிள்ளைகளின் படங்கள், வருமான வரித் தாள்கள், டாலி கணக்குகள் ஆகியவற்றை முதலில் வெளி டிஸ்கில் எடுத்து வைத்து, அந்த டிஸ்கை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே பார்மட் செய்யச் சொல்லுங்கள். வேலை செய்ய வருகிற இளைஞரிடம், "இமேஜ் போடுவதாக இருந்தால் சிஸ்பிரெப் செய்துதானே போடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.